ஆபரேஷன் மதுரையில், பத்தியம் ஊரில்

வயிற்றில் நான்கைந்து சிறு துளைகள். ஒன்றிரண்டு மணி நேர வேலை. எல்லாம் சரியாக நடந்தால் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வீடு திரும்பிவிடலாம். எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்காக விருதுநகரிலிருந்தும் சிவகாசியிலிருந்தும் மதுரைக்கோ கோவைக்கோ கார் ஏறுகிற குடும்பங்கள் பயப்படுவதெல்லாம் இந்த மூன்று நாளை நினைத்துத்தான். இருக்கன்குடி மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்வதும் இதற்காகத்தான். ஆனால் அறுவை பலித்ததா இல்லையா என்பது தெரிய இரண்டு மூன்று வருஷம் பிடிக்கும். அதற்குள் கல்யாணப் பந்தி, வேலைக் கொட்டகை, மாமியார் வீடு, மேட்ரிமோனி புரோக்கர் எல்லாவற்றையும் அந்த உடம்பு கடந்து வர வேண்டியிருக்கிறது.

இதைச் செய்துகொள்கிறவர்களில் பலர் யாரிடமும் சொல்வதில்லை. 'பித்தப்பையில் கல்', 'ஹெர்னியா' என்று உறவுக்காரர்களிடம் ஒரு காரணம் சொல்லப்படுகிறது. அதைப் பொய் என்று கண்டிக்க மனம் வராது. ஊர் வாய்க்குப் பயந்து சொல்வது. ஆனாலும் இந்த அறுவைக்குப் பிறகு வருகிற தனிப்பட்ட, சமூகச் சிக்கல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், பலவும் கடைசியில் இந்த மறைப்பில்தான் போய் முட்டுகின்றன.

முதலில் எண்கள். 2015-16இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். 2019-21 கணக்கெடுப்பில் அது 40.4. ஆண்களிடம் 28.2 சதவீதம் 37 ஆனது. நாலைந்து வருஷத்தில் இவ்வளவு ஏற்றம். காமராசர் பிறந்த ஊர் விருதுநகர். பள்ளிப் பிள்ளைகளின் பசியை அரசாங்கத்தின் கவலையாக்கிய மனிதர் அவர். 2018இல்கூட ராமநாதபுரத்தோடு சேர்த்து விருதுநகரை, முன்னேற வேண்டிய மாவட்டங்களின் பட்டியலில் மத்திய அரசு வைத்தது. ஊட்டச்சத்தும் அந்தத் திட்டம் அளந்த விஷயங்களில் ஒன்று. பசியின் ஞாபகம் இன்னும் ஆறாத மண்ணில் உடம்பு 'பூசினாப்ல' இருப்பது செழிப்பின் அடையாளம். அதே உடம்பு இன்னொரு பத்து கிலோ ஏறியதும் கேலிப் பொருளாகிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே எல்லைக்கோடு எங்கே என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

அறுவை முறைகளில் இரண்டு பிரபலம். 'ஸ்லீவ்' என்பதில் இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைக்காய் போலக் குறுகலான குழாயாக்கி ஸ்டேப்பிள் போட்டுவிடுவார்கள். மிஞ்சுவது நூறு, நூற்றைம்பது மில்லி கொள்ளளவு. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடுவதால் பசியே குறைகிறது. 'பைபாஸ்' முறையில் இரைப்பையின் மேல்பகுதியில் முப்பது மில்லி அளவுக்கு ஒரு சிறு பை அமைத்து, அதை நேரே சிறுகுடலோடு இணைப்பார்கள். அமெரிக்காவில் ஐயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்டு மேசன் 1960களில் தொடங்கிவைத்த வழி இது. சர்க்கரை நோயை அடக்குவதில் பைபாஸ் பெரிய கை. சத்துகள் உடலில் சேராமல் போகிற தொல்லையும் அதில்தான் அதிகம்.

யாருக்குச் செய்யலாம்? 1991இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் வகுத்த அளவு பல வருஷம் உலகத்துக்கே வேதமாக இருந்தது: உடல் நிறைக் குறியீடு 40, அல்லது 35உடன் கூட ஒரு நோய். 2022இல் சர்வதேச அறுவை நிபுணர் சங்கங்கள் அதைத் தளர்த்தின. 35 இருந்தால் வேறு நோய் வேண்டியதில்லை, ஆசியர்களுக்கு 27.5 போதும். ஐந்தடி மூன்றங்குலப் பெண்ணுக்கு 35 என்பது ஏறக்குறைய 90 கிலோ. 27.5 என்பது 70 கிலோதான். நம் வீடுகளில் 70 கிலோ இருக்கும் மதினியை யாரும் நோயாளி என்று நினைப்பதில்லை. கொஞ்ச எடையிலேயே சர்க்கரை பிடித்துக்கொள்ளும் ஆசிய உடம்புக்கு இந்தத் தளர்வு நியாயம் என்பதில் மருத்துவர்கள் ஒத்துப்போகிறார்கள். ஆனால் அகலத் திறந்த கதவுக்குள் விளம்பரப் பலகையும் சேர்ந்தே நுழைந்துவிடும். முகூர்த்த நாளை மனதில் வைத்து வருகிறவரும், முட்டுவலியால் கக்கூஸுக்கு நடக்க முடியாமல் வருகிறவரும் ஒரே வரிசையில் உட்கார்கிறார்கள்.

இன்னொரு குழப்பம், கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷனையும் இதையும் ஒன்றாக நினைப்பது. 'பம்பரக் கண்ணாலே' படத்தில் நடித்த ஆர்த்தி அகர்வால் 2015 ஜூனில் அமெரிக்காவில் 31 வயதில் இறந்தார். சில வாரங்களுக்கு முன் லைப்போசக்‌ஷன் செய்துகொண்டிருந்தார். கன்னட நடிகை சேதனா ராஜ் 2022 மேயில் பெங்களூரில் கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் பின் 21 வயதில் இறந்தார். இரண்டுமே இரைப்பை அறுவை அல்ல. டீக்கடைப் பேச்சில் மட்டும் எல்லாம் 'கொழுப்பு ஆபரேஷன்' ஆகிவிடுகிறது. இரைப்பை அறுவையை ஆண் அரசியல்வாதிகள் செய்துகொண்டபோது பேச்சு வேறு தினுசாக இருந்தது. நிதின் கட்கரி 2011இலும், அருண் ஜேட்லி நிதியமைச்சராக இருந்த 2014இலும் செய்துகொண்டார்கள். சர்க்கரைக்கான வைத்தியம் என்று செய்தி வந்தது, முடிந்தது. அதையே சிவகாசியில் கல்யாணமாகாத ஒரு பெண் செய்தால் 'வாயைக் கட்ட முடியாம வயித்த வெட்டிக்கிட்டா' என்பார்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். முதல் இரண்டு வாரம் திரவம் மட்டும், பிறகு மசித்தது, ஒன்றிரண்டு மாதம் கழித்துத்தான் வழக்கமான உணவு. கல்யாணப் பந்தியில் இப்படி ஒருவர் உட்கார்ந்தால் என்ன ஆகும்? இலையில் உப்பு, இனிப்பு, கூட்டு, பொரியல் வந்துவிட்டது. சோறு விழும் முன்பே அவர் தண்ணீரைத் தொடக் கூடாது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அரை மணி இடைவெளி வேண்டும். முதலில் புரதம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சைவப் பந்தியில் அதற்குக் கூட்டிலிருக்கிற பருப்புதான் கதி. ஒவ்வொரு வாயையும் இருபது முப்பது தடவை மென்று இறக்குவதற்குள் எதிர் வரிசை ரசத்துக்குப் போய்விட்டது. நாலாவது வாயில் நெஞ்சுக்குள் ஓர் இறுக்கம். அதற்கு மேல் ஒரு கவளம் இறக்கினாலும் வாந்திதான். அப்போதுதான் சாம்பார் வாளியோடு பெண் வீட்டு அண்ணாச்சி வந்து நிற்பார்: "என்ன மாப்ள, நம்ம வீட்டுச் சாப்பாடு பிடிக்கலையா?" உபசரிப்பை மறுப்பது உறவை மறுப்பதாக எடுத்துக்கொள்ளப்படுகிற ஊர். உண்மையைச் சொல்ல முடியாதவர் சிரித்துக்கொண்டே இன்னொரு வாய் வைப்பார். பிறகு கை கழுவும் இடத்துக்கு ஓடுவார்.

இந்த வட்டாரத் தின்பண்டங்களுக்கும் புதிய இரைப்பைக்கும் நடக்கிற வழக்கு தனி. விருதுநகரின் எண்ணெய்ப் பரோட்டா, மொறுமொறுப்பாகப் பொரிந்திருந்தாலும் மைதா மைதாதான். உள்ளே போய் மாவாகத் திரண்டு அடைத்துக்கொள்ளும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, பைபாஸ் செய்தவர்களைப் படுத்தி எடுக்கும். சர்க்கரை நேரே சிறுகுடலில் கொட்டுவதால் வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு, மயக்கம் என வரிசையாக வரும். இதை 'டம்பிங்' என்கிறார்கள். மூன்றிலும் ஆபத்தானது சாதுவாகத் தெரிகிற சாத்தூர் காராச்சேவு. கோழிக்கறி அடைக்கும், முட்டை அடைக்கும். சேவு வாயிலேயே கரைந்து தொந்தரவில்லாமல் வழுக்கி இறங்கிவிடும். கணக்குப் பிள்ளை மேசை டிராயரில் ஒரு பொட்டலம் இருந்தால் நாள் முழுக்கக் கொறிக்கலாம். வயிறு நிறையாது, கலோரி நிறையும். அறுவைக்கு இரண்டு வருஷம் கழித்து எடை திரும்ப ஏறுகிறவர்கள் பலருக்கு ஏறுவது இந்த வழியில்தான். சமையல் எண்ணெயைப் பத்து சதவீதம் குறையுங்கள் என்று பிரதமர் 2025 பிப்ரவரியில் வானொலியில் கேட்டுக்கொண்டார். எண்ணெய் வியாபாரத்தில் வளர்ந்த விருதுநகரில் அந்த வேண்டுகோளை எந்த முகத்தோடு கேட்டிருப்பார்களோ!

வேலை இடத்துச் சங்கடம் இன்னொரு வகை. வறண்ட வானிலைதான் தீப்பெட்டியையும் பட்டாசையும் சிவகாசிக்குக் கொண்டுவந்தது. அந்த வறட்சியில்தான், அறுவை செய்துகொண்டவர் ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். ஆனால் மடக்மடக்கென்று குடிக்க முடியாது. ஒரு வாய், கொஞ்சம் இடைவெளி, மறுபடி ஒரு வாய். பட்டாசு ஆலையில் வெடிமருந்து செலுத்தும் அறைகளில் மின்சாரம் கிடையாது, ஆகவே மின்விசிறியும் கிடையாது. சித்திரை வெயிலில் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்கிற பெண், எண்ணிக்கை குறையும் என்று சாதாரண நாளிலேயே தண்ணீரைத் தள்ளிப்போடுகிறவள். அவளுக்கு இந்த அறுவைக்கான பணம் எங்கிருந்து வரப்போகிறது என்பது வேறு கேள்வி. ஆலை முதலாளிகள், மேலாளர்கள், அச்சகக்காரர்கள், கமிஷன் கடைக்காரர்கள் போன்ற வசதியுள்ளவர்களுக்குத்தான் இன்று இது எட்டுகிறது. அவர்களுக்கும் நாள் பார்க்க வேண்டியிருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் யாரும் படுக்க முடியாது. பண்டிகை முடிந்து ஆலைகள் மூடிக் கிடக்கும் வாரங்கள் தோது. ஆனால் அந்த வாரங்களைத் தொட்டே கல்யாண முகூர்த்தங்களும் வந்துவிடும், பந்தியும் வந்துவிடும்.

கல்யாணம் என்ற இடத்தில்தான் மறைப்பின் விலை மிகவும் கூடிப்போகிறது. வரன் அமையவில்லை என்று 27 வயதுப் பெண்ணுக்கு அறுவை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து மாதத்தில் 35 கிலோ குறைகிறது. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. கல்யாணமும் முடிகிறது. மருத்துவ விதி என்னவென்றால், அறுவை முடிந்து பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் வரை கர்ப்பம் கூடாது. எடை வேகமாக இறங்கும் காலத்தில் தாயின் உடம்பில் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 எல்லாம் தட்டுப்பாடு. வளரும் சிசு அதிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் மூன்றாம் மாதமே "விசேஷம் உண்டா?" என்று கேள்வி வந்துவிடும். கணவனுக்கே தெரியாத ஒரு காரணத்துக்காக அவள் எப்படித் தள்ளிப்போடுவாள்? கருத்தடை மாத்திரையை ஒளித்துச் சாப்பிட்டாலும், பைபாஸ் செய்தவர்களுக்கு அது முழுசாகச் சேருமா என்பது சந்தேகம். எடை குறைந்ததும் சினைப்பை ஒழுங்காக இயங்கத் தொடங்குவதால், நீர்க்கட்டியால் வருஷக்கணக்காகத் தங்காத கர்ப்பம் எதிர்பாராமல் தங்குவதும் உண்டு. நல்ல செய்திதான்; தவறான மாதத்தில் வந்துவிடுகிறது. பிரசவம் பார்க்கிற டாக்டரிடமும் மாமியார் கூட இருப்பதால் அறுவையைச் சொல்லாமல் விட்டால், கர்ப்ப காலச் சர்க்கரைப் பரிசோதனைக்குக் கொடுக்கும் குளுக்கோஸ் கரைசலே அவளை மயங்கி விழவைக்கலாம்.

எடை குறைந்த பின் ஊர் வாய் மூடிக்கொள்ளும் என்று நம்பித்தான் பலர் இதற்குத் துணிகிறார்கள். வாய் மூடுவதில்லை, பாட்டை மாற்றிக்கொள்கிறது. "என்னம்மா இப்படி எளைச்சுட்டே, சுகரா?" என்று பெட்டிக்கடையில் கேட்பார்கள். மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொட்டும், முகம் ஒட்டிப்போகும், கைச்சதையும் அடிவயிற்றுத் தோலும் தொங்கும். முடி ஏறத்தாழ ஒரு வருஷத்துக்குள் திரும்ப வளரும், தோல் தானாகச் சுருங்காது. அதற்குத் தனி அறுவை, தனிச் செலவு. குண்டு என்ற அடைமொழியையே நகைச்சுவை நடிகர்களின் பெயராக்கிய திரையுலகம் நம்முடையது. 2025 நவம்பரில் சென்னையில் ஒரு படத்தின் செய்தியாளர் சந்திப்பில் நடிகை கௌரி கிஷனின் எடை பற்றிக் கேள்வி எழுந்தது. அவர் அங்கேயே எதிர்த்துப் பேசினார். திரையுலகத்திலிருந்தும் பத்திரிகையாளர்களிடமிருந்தும் கண்டனங்கள் வந்தன. ஒரு நடிகைக்கு மைக் இருந்தது, பதில் சொன்னார். விருதுநகர் பஜாரில் நடந்து போகிறவளுக்கு அது கிடையாது.

மனசு எப்படி மாறுகிறது என்பதை வெளிநாடுகள்தான் நெடுங்காலம் அளந்து பார்த்திருக்கின்றன. சுவீடனில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், அறுவைக்குப் பின் தனியாக இருந்தவர்கள் புதிதாகத் துணை தேடிக்கொள்வதும், ஏற்கெனவே சேர்ந்திருந்தவர்கள் பிரிவதும் இரண்டுமே கூடியிருந்தன. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 8,815 பேரைப் பின்தொடர்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டு அவசர சிகிச்சைக்கு வருவது அறுவைக்கு முன்பைவிட ஏறத்தாழ ஐம்பது சதவீதம் அதிகம். மொத்தத்தில் அப்படி வந்தவர்கள் மிகச் சிலர்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பைபாஸ் செய்தவர்களுக்குச் சாராயம் வேகமாக ரத்தத்தில் ஏறுகிறது. குடி அடிமைத்தனம் இரண்டாம் வருஷத்தில் கூடுவதை 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. சாப்பாடு பலருக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது. அந்த ஆறுதலை வெட்டி எடுத்த பிறகு மனசு வேறொரு கொழுகொம்பைத் தேடுகிறது. டாஸ்மாக் பக்கத்திலேயே இருக்கிறது. அறுவைக்கு முன் மனநல ஆலோசனை கட்டாயம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நடைமுறையில் அது ஒரு கையெழுத்தோடு முடிந்துவிடக் கூடாது.

பணம் லட்சக் கணக்கு. காப்பீட்டில் இந்த அறுவைக்கு 2019இல் ஒழுங்காற்று ஆணையம் ஓர் அளவு வைத்தது. குறியீடு 40, அல்லது 35உடன் இதய நோய், கடுமையான தூக்க மூச்சடைப்பு, கட்டுப்படாத சர்க்கரை இவற்றில் ஒன்று. மற்ற வழிகள் பலிக்கவில்லை என்பதும் காட்டப்பட வேண்டும். 37 குறியீட்டோடு முட்டு தேய்ந்து நிற்கிறவர் இந்தப் பட்டியலில் வர மாட்டார். 2022இன் மருத்துவ அளவுகோலும் 2019இன் காப்பீட்டு அளவுகோலும் இப்படி ஒன்றையொன்று பார்க்காமலே நிற்கின்றன. கையிலிருந்து கட்டுகிறவர் சலிசான இடம் தேடுவார். 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர், 26 வயது, சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடை குறைப்பு அறுவையின்போது நிலை மோசமாகி இறந்தார். முதலில் வேறு இடத்தில் சொன்ன தொகையில் பாதிக்கு இங்கே ஒத்துக்கொண்டதாக அப்போது செய்திகள் வந்தன. அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. மருத்துவமனையின் பதிவு தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது. நல்ல மையங்களில் இந்த அறுவையால் ஏற்படும் மரணம் ஆயிரத்தில் ஒன்றிரண்டுதான், பித்தப்பை அறுவையோடு ஒப்பிடத்தக்கது. தீவிர சிகிச்சைப் பிரிவும் அனுபவமுள்ள மயக்கவியல் டாக்டரும் இருக்கிற இடத்துக்குத்தான் அந்தக் கணக்கு பொருந்தும்.

இவ்வளவும் படித்துவிட்டு அறுவையே வேண்டாம் என்று யாராவது முடிவு கட்டினால் அதுவும் பிசகு. 1987இல் சுவீடனில் தொடங்கிய நெடிய ஆய்வின் கணக்கை 2020இல் வெளியிட்டார்கள்: அறுவை செய்துகொண்ட பருமனானவர்கள், செய்யாதவர்களைவிடச் சராசரியாக மூன்று வருஷம் கூடுதலாக வாழ்ந்தார்கள். சர்க்கரை மாத்திரையைப் பாதியாகக் குறைத்தவர்கள், குறட்டைக்கு இரவெல்லாம் மாட்டிக்கொண்டிருந்த மிஷினைக் கழற்றிவைத்தவர்கள், பழனிப் படியை நடந்தே ஏறியவர்கள் நிறைய. இவர்களில் பலரும் டாக்டரை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள்.

தொடர் கவனிப்பு என்பது பெரிய வித்தையல்ல. ஆயுசுக்கும் விட்டமின், கால்சியம், இரும்பு மாத்திரைகள். முதல் வருஷம் மூன்று தடவை ரத்தப் பரிசோதனை, பிறகு வருஷம் ஒன்று. தொடர்ந்து வாந்தி எடுத்தால் உடனே தயாமின் ஊசி போட வேண்டும். தாமதித்தால் பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், ஞாபகம் போகும். அந்த ஊசி எந்தச் சிறிய ஆஸ்பத்திரியிலும் உண்டு. விருதுநகரில் 2022 ஜனவரி முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஆனால் 'குடல் புண்' என்று சொல்லிக்கொண்டு வாந்தியோடு வருகிறவருக்கு, பக்கத்தில் நிற்கும் சித்தப்பாவுக்குக் கேட்கக் கூடாது என்று அறுவையைச் சொல்லாதவருக்கு, டியூட்டி டாக்டர் அல்சர் மாத்திரை எழுதித்தான் அனுப்புவார்.

இப்போது எடை குறைக்கும் ஊசிகளும் வந்துவிட்டன. மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி அந்த ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. வெகோவியிலிருக்கும் செமாக்ளூடைடின் காப்புரிமை 2026 மார்ச் வரைதான், அதன்பின் நம் கம்பெனிகள் மலிவாகத் தயாரிக்க வழி உண்டு. சோதனையில் செமாக்ளூடைடு 68 வாரத்தில் சராசரியாகப் பதினைந்து சதவீத எடையைக் குறைத்தது. அறுவை அதைவிடக் கூடுதலாகக் குறைக்கும். ஊசியை நிறுத்தினால் குறைந்த எடையில் பெரும்பகுதி திரும்ப ஏறிவிடுகிறது. கத்தி இல்லை, துளை இல்லை என்பதால் ரகசியம் இதில் சுலபம் என்று தோன்றும். ஆனால் பிரித்துப் பயன்படுத்தும் முன் பிரிட்ஜில் வைக்க வேண்டிய மருந்து. கூட்டுக் குடும்பத்தில் பிரிட்ஜ் பொதுச் சொத்து. இந்த ஊசி இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும் என்பதால், பல்லோ குடல்வாலோ எந்த அறுவைக்குப் போனாலும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் சொல்லியாக வேண்டும். முதல் நாள் இரவிலிருந்து பட்டினி கிடந்தவரின் வயிற்றில்கூட உணவு தங்கியிருந்து, மயக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் ஏறிய சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன.